அவுஸ்தாவின் கடைசிப் பயிற்சி முகாம்

மதுரை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே வந்த அவுஸ்தா, ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். பிறகு திரும்பி உள்ளே போகப் பார்த்தார். வாசலில் நின்ற காவலர் விடவில்லை. வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போக டிக்கெட் வேண்டும் என்றார். அதை நான் ஐஸ்லாந்து மொழியில் சொன்னேன். "அப்படியானால் டிக்கெட் எடு" என்றார் அவுஸ்தா. அதில் பாதிதான் விளையாட்டு. ஏப்ரல் மாதத்து நண்பகல் அது. எங்கள் ஊரில் காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்பியிருந்தோம்.

எனக்கும் தெம்பு இல்லை. நான் கோயம்புத்தூர்க்காரி. கணவரின் வேலைக்காக ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊருக்குக் குடிபோனவள். அங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகவைப்பது என் வேலை. அதே பள்ளியில் அவுஸ்தா உடற்பயிற்சி ஆசிரியை. மாலையில் ஊர்ப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். அதற்கு முன்னால் அதே அணியில் ஆடியவர், நாட்டு அணியிலும் ஆடியவர். ஊரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஊரே ஒரு கைப்பிடிதான் என்பது வேறு விஷயம்.

என் கல்லூரித் தோழியின் கணவர் பசுமலைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தாளாளர். உங்கள் ஊர்க் கோச்சை ஒரு பத்து நாள் கூட்டி வாருங்களேன் என்று அவர் போனில் வேடிக்கையாகக் கேட்டதை, நானும் வேடிக்கையாகத்தான் அவுஸ்தாவிடம் சொன்னேன். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே சரி என்றார். மொழிபெயர்க்க நான் கூடப் போவது என்று அவரே முடிவும் செய்திருந்தார். கோவையில் என் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "மதுரைக்குப் பத்து நாளு, பெத்தவளுக்கு மூணு நாளா? நல்லா இருக்குது கண்ணு" என்று சொல்லிப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

பசுமலைக்குப் போகும் வழியில், காரின் ஏசிக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி அவுஸ்தா ஒரு விஷயத்தைச் சொன்னார். கிளப்பில் அவரை இன்னும் இரண்டு பருவத்துக்குப் பயிற்சியாளராக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மதுரை முகாம் முடிகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன்" என்றார். "ஆனால் அதைச் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை."

சொன்னவர் தூங்கிவிட்டார். கேட்ட எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மறுநாள் தொடக்க விழா. கூடைப்பந்துத் திடலின் நடுவிலேயே பந்தல் போட்டு நாற்காலி அடுக்கியிருந்ததால் யாரும் பந்தைத் தொட வழியில்லை. அவுஸ்தாவுக்கு ஒன்றன் மேல் ஒன்றாகப் பொன்னாடை போர்த்தினார்கள். மூன்றாவது பொன்னாடைக்கு மேல் அவர் முகம் சிவந்து, கண் சொருக ஆரம்பித்தது. வரவேற்புரை சொன்ன ஆசிரியை பெயரை எவ்வளவோ கவனமாக உச்சரித்தும், ஒலிபெருக்கியில் அது 'அவஸ்தை மேடம்' என்றுதான் விழுந்தது. பின் வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவுஸ்தா என் காதில் கேட்டார். அர்த்தத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன பருவத்துக்குப் பொருத்தமான பெயர்தான்" என்றார்.

விழா முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மெகர் டீச்சர் வந்து பேசினார். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை. முழுப்பெயர் மெகருன்னிஸா. நெடுநெடுவென்ற உயரம், தலையை இறுக்கிக் கட்டிய துணி, சேலைக்குக் கீழே ஓட்டக் காலணி. அவுஸ்தாவின் பெயருக்குப் பின்னால் இருக்கும் நீளமான பகுதி குடும்பப் பெயரா என்று கேட்டார். இல்லை, 'ஜோனின் மகள்' என்று அர்த்தம், அங்கே எல்லோரும் அப்பா பெயரைத்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்றேன். "அப்ப இனிஷியலு. நம்மள மாதிரித்தான்" என்று மெகர் டீச்சர் திருப்தியோடு தலையாட்டினார். இங்கே வந்து இறங்கியதிலிருந்து அவுஸ்தாவை யாரும் 'நம்மள மாதிரி' என்று சொல்லியிருக்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலை ஐந்தரைக்குத் திடலுக்குப் போனோம். ஒரு பெண்கூட வரவில்லை. மெகர் டீச்சர் மட்டும் பந்துகள் நிறைந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். வெயில் கடுமையாக இருப்பதால் ஆண்டுத் தேர்வை முன்கூட்டியே வைக்கச் சொல்லி முந்தின மாலை தகவல் வந்ததாம். திங்கட்கிழமை பரீட்சை. எந்த வீட்டில் பந்து விளையாட அனுப்புவார்கள்? தாளாளர் போனில் மிகவும் வருந்தினார். கார் அனுப்புகிறேன், ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்றார்.

அவுஸ்தா திடலின் விளிம்பில் உட்கார்ந்து காலணியின் கயிற்றை அவிழ்த்தார். கோபப்படவில்லை. எனக்கு அதுதான் கவலையாக இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு பையன் தாமதமாக வந்தாலே அவர் குரல் சமையலறை வரைக்கும் கேட்கும்.

அன்று மாலை வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போனோம். குளம் நிறையத் தண்ணீர். கரையைச் சுற்றி மதுரையில் பாதி நடந்துகொண்டிருந்தது. வெக்கை கொஞ்சம் இறங்கியிருந்தது. சுண்டல், மாங்காய், பஞ்சு மிட்டாய் என்று எதைக் காட்டினாலும் அவுஸ்தா வேண்டாம் என்றார். கூட வந்திருந்த மெகர் டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, தன்னோடு பல்கலைக்கழக அணியில் ஆடிய பெண்கள் நாலைந்து பேர் இன்னும் மதுரையில்தான் இருக்கிறார்கள், எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணத்துக்குப் பிறகு ஒருத்தியும் பந்தைத் தொட்டதில்லை, கூப்பிட்டுப் பார்க்கவா என்று கேட்டார். மேடத்துக்கு அது கேவலமாகப் படுமோ என்று தயங்கினார்.

நான் மொழிபெயர்த்தேன். அவுஸ்தா தோளைக் குலுக்கினார். "வந்தாயிற்று. யாருக்காவது எதையாவது சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்."

வந்தார்கள். காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருக்கும் செல்வி, இரவு ரோந்து முடித்த கையோடு யூனிபார்ம் கால்சட்டைக்கு மேல் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தார். ஜெயந்தி வங்கியில் வேலை பார்ப்பவர், சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டிலிருந்து போன் வந்ததும் அவர் பேசிய பேச்சு எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. இது தமிழா என்று அவுஸ்தா கேட்டார். இல்லை, அவர்கள் வீட்டுக்குள் பேசும் மொழி என்றேன். எங்கள் மொழியும் அப்படித்தான், எங்களைத் தவிர யாரும் பேசமாட்டார்கள் என்றார் அவுஸ்தா. இவர்களோடு அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவரும், சேர்ந்து துணிக்கடை நடத்தும் இருவரும். ஒருவரையொருவர் 'மாப்ள' என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். முதல் நாள் கால் மணி நேரம் ஓடியதற்கே எல்லோரும் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பள்ளி வாசலில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தோம். பருத்தியில் எப்படிப் பால் கறப்பார்கள் என்று அவுஸ்தா கேட்டார். விதையை ஆட்டிப் பிழிவது என்று விளக்கினேன். சுக்கும் கருப்பட்டியும் அவர் தொண்டைக்குப் பிடித்துவிட்டது. இரண்டாவது டம்ளர் வாங்கினார். மதுரையில் அவர் தானாகக் கேட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான்.

தகராறு மூன்றாவது காலையில் வந்தது. அவுஸ்தா முந்தின நாளிலிருந்தே பயிற்சிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். குனிந்து பக்கவாட்டில் நகர்வது, சுவரில் பந்தை அடித்துப் பிடிப்பது, கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓடித் திரும்புவது. விசில், மறுபடி, விசில், மறுபடி. ஐஸ்லாந்து மொழியில் நீங்கள் என்ற சொல் வழக்கத்தில் இல்லை. நாட்டின் தலைவரையே நீ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சொன்ன ஒவ்வொரு அதட்டலுக்கும் நான் ஒரு 'ங்க' சேர்த்துக் குளிர வைத்துக்கொண்டிருந்தேன். அப்படியும் ஜெயந்தி பந்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

மெகர் டீச்சர் என்னிடம் வந்தார். "அக்கா, மேடத்துட்ட ஒண்ணு சொல்லணும். அப்படியே சொல்லுங்க, மாத்தாதீங்க. ட்ரில்லு வேணாம். காலையில எந்திரிச்சதுலருந்து படுக்குற வரைக்கும் அதைச் செய், இதைச் செய்னுதான் கேட்டுக்கிட்டு இருக்கோம். இங்க விளையாடத்தான் வந்துருக்கோம்."

அப்படியே சொன்னேன். அவுஸ்தா என்னைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்தார். விசிலைக் கழுத்திலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பள்ளிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். அவர்கள் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்து ஆட ஆரம்பித்தார்கள். விதி எதுவும் ஒழுங்காக இல்லை. பந்தோடு நாலு எட்டு நடந்தார்கள், இழுத்தார்கள், திட்டினார்கள், சிரித்தார்கள். செல்வி யாரையோ இடித்துத் தள்ளிவிட்டு, அவரே விழுந்தார்.

அன்றைக்கு அறைக்குத் திரும்பியதும் அவுஸ்தா மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு, "எனக்குச் சொல்லிக் கொடுக்க மட்டும்தான் தெரியும்" என்றார். நல்ல வேளையாகக் கரண்ட் போனது. இருவரும் எழுந்து வாசலுக்குப் போனோம்.

மனத்தாங்கல் வேண்டாம் என்றுதானோ என்னவோ, மறுநாள் மதியம் மெகர் டீச்சர் எங்களை வீட்டுக்கு அழைத்தார். சிம்மக்கல்லில் அவர் கணவர் ஜாபர் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறார். கடைக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அவுஸ்தா ஊரிலிருந்து கொண்டுவந்த உலர்ந்த மீனை முன்னமே பரிசாகக் கொடுத்திருந்தார். எங்கள் ஊரில் அதை அப்படியே பிய்த்து வெண்ணெய் தடவித் தின்பார்கள். எனக்கு இன்றைக்கும் அது தொண்டையில் இறங்காது. மெகர் டீச்சரின் மாமியாருக்கு இந்தச் செய்தியெல்லாம் போய்ச் சேரவில்லை. அவர் அதைக் கருவாடாகவே எடுத்துக்கொண்டு, ஊறவைத்து, கத்தரிக்காயும் புளியும் போட்டுக் குழம்பு வைத்துவிட்டார்.

அவுஸ்தா சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஆயிரம் வருஷமாக இந்த மீனை வெறுமனே மென்றுகொண்டிருக்கிறோம்" என்றார். "இதை யாராவது முன்பே வந்து சொல்லியிருக்கலாம்." அதைத் தமிழில் சொன்னதும் மாமியார் 'மாஷா அல்லாஹ்' என்று இன்னொரு கரண்டி ஊற்றினார். அது வெறும் மரியாதைக்குச் சாப்பிட்ட சாப்பாடு இல்லை. மூன்று முறை சோறு வாங்கினார்.

சாப்பாட்டுக்கு நடுவில் மெகர் டீச்சர் ஒரு ஏற்பாட்டைச் சொன்னார். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருப்பவர் அவருக்கு ஜூனியர். வெளிநாட்டுப் பயிற்சியாளர் வருவதாக இருந்தால் சனிக்கிழமை மாலை தன் மாணவிகளோடு ஒரு நட்பு ஆட்டம் வைக்கத் தயாராம். "எங்களுக்குக் கோச்சா வந்து உக்காந்தாப் போதும். ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் மெகர் டீச்சர். அவுஸ்தா விரலில் ஒட்டிய குழம்பைப் பார்த்தபடி சரி என்றார்.

சனிக்கிழமை பள்ளி வேன் வினாத்தாள் எடுக்கப் போய்விட்டது. ஜாபர் அண்ணன் கடையின் சின்னச் சரக்கு வண்டியைக் கொண்டுவந்தார், இங்கே அதைக் குட்டி யானை என்கிறார்கள். அவுஸ்தாவை முன்னால் உட்கார வைத்தோம். நாங்கள் பின்னால், இறக்க நேரமில்லாத பக்கெட்டுகளுக்கும் குடங்களுக்கும் நடுவில். நர்ஸுக்குப் பணி மாற்றம் கிடைக்காததால் அணியில் சரியாக ஐந்து பேர்தான். நாகமலைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு போக்குவரத்துக் காவலர் கையை நீட்டி நிறுத்தினார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றலாமா என்று சத்தம் போட்டபடி பின்னால் வந்தவர், குடங்களுக்கு நடுவில் செல்வியைப் பார்த்ததும் சல்யூட் அடித்தார். செல்வி திரும்ப சல்யூட் அடிக்கக் கையை எடுத்தபோது நாலு பக்கெட் சரிந்து ரோட்டில் உருண்டது.

செக்கானூரணிக்கு முன்னால் வண்டி நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஜாபர் அண்ணன் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். நாங்கள் ஒரு டீக்கடைத் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தோம். எதிரே காய்ந்த நிலம், கருவேல முள், தூரத்தில் நாகமலை மொட்டைப் பாறையாக நீண்டு கிடந்தது. மரமில்லாத அந்த மலையைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வருகிறது என்றார் அவுஸ்தா. அங்கேதான் அவர் தன் கதையைச் சொன்னார். நீங்க எப்படி ஆட ஆரம்பிச்சீங்க என்று ஜெயந்தி சும்மாதான் கேட்டார்.

அவுஸ்தாவின் ஊரில் குளிர்காலம் முழுக்க வெளிச்சம் இருந்தது இரண்டே இடங்களில். ஒன்று மீன் வெட்டும் ஆலை, இன்னொன்று விளையாட்டுக் கூடம். பள்ளி விட்டதும் அம்மாவோடு ஆலைக்குப் போவார், மாலையில் கூடத்துக்கு. பெண்கள் அணிக்கு ஆள் போதவில்லை என்று பள்ளி முடிக்கும் முன்பே பெரியவர்களோடு சேர்த்துக்கொண்டார்கள். உயரம் பெரிதாக இல்லை. ஆனால் பந்து யாருக்குப் போக வேண்டும் என்பது மற்றவர்களுக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். நாட்டு அணிக்கு எடுத்தார்கள். டென்மார்க்கில் கொஞ்ச காலம் ஆடினார். ஊர் அணி ஒருமுறை கோப்பை வாங்கியபோது மீன்பிடிப் படகுகள் எல்லாம் சங்கொலி எழுப்பினவாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறியது.

அப்புறம் முழங்கால். அறுவை, மறுபடி அறுவை. ஆட முடியாமல் போன வருஷம் பயிற்சியாளர் யாரும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு பருவம் பார்த்துக்கொள் என்றார்கள். அந்த ஒரு பருவம்தான் இன்னும் முடியவில்லை. பனிப்புயலில் மலைச்சாலையில் பஸ் ஓட்டினார். சட்டைகளைத் துவைத்தார். வருஷா வருஷம் அமெரிக்காவிலிருந்து கிளப் சம்பளத்துக்கு எடுக்கும் ஆட்டக்காரியை விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்து, நவம்பர் இருட்டில் அவள் அழும்போது உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். நன்றாக ஆடும் பெண்கள் மேல்படிப்புக்குத் தலைநகரம் போனார்கள். போனவர்களின் இடத்தில் வந்தவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து. போன பருவத்தில் அணி அடிமட்டத்தில் முடிந்தது.

"எது அலுத்துப்போனது என்று எனக்கே தெரியவில்லை" என்றார். "கூடத்துக்குள் நுழைந்தாலே களைப்பாக இருக்கிறது. ஆனால் நுழையாமல் இருக்கவும் முடியவில்லை."

நான் மொழிபெயர்த்து முடித்தேன். செல்வி அவருடைய டம்ளரை வாங்கி இன்னொரு டீ சொன்னார்.

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் பெரிய பேனர். 'ஐஸ்லாந்து நாட்டு வீராங்கனையே வருக' என்று எழுதி, ஒரு பெண்ணின் படம். அவுஸ்தாவின் படம் கிடைக்கவில்லையாம். இணையத்தில் பார்த்து யாரோ ஒரு பொன்னிற முடிக்காரியைப் போட்டிருந்தார்கள். நம் அவுஸ்தாவுக்கோ நரைத்த கட்டை முடி. பேனருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னார். "என்னைவிட நன்றாக ஆடுபவள் போலத் தெரிகிறது" என்றார்.

கல்லூரிப் பெண்கள் பாய்ந்து பாய்ந்து ஆடினார்கள். நம்மவர்கள் ஓடவில்லை, நின்ற இடத்திலிருந்து பந்தை அனுப்பினார்கள். மெகர் டீச்சர் வளையத்துக்குக் கீழே நின்றால் அவரை நகர்த்த முடியவில்லை. பாதி ஆட்டம் வரைக்கும் வித்தியாசம் அதிகமில்லை. அவுஸ்தா கொடுத்த வாக்குப்படி வாயைத் திறக்காமல், முழங்கைகளைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். அவர் விரல்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

மூன்றாம் பகுதியில் செல்வியின் போன் அடித்தது. திடீர் பந்தோபஸ்து, உடனே வரச் சொல்கிறார்கள். "மாப்ள, போறேன்டி" என்று அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். நால்வர்தான் மிச்சம். நால்வராகவே ஆடலாம் என்று நடுவர் சொன்னார். மெகர் டீச்சர் அவரைக் கவனிக்கவில்லை. நேராக பெஞ்சுக்கு வந்து நின்றார்.

அவுஸ்தாவுக்கு மொழிபெயர்க்காமலே புரிந்துவிட்டது. முழங்காலைக் காட்டினார், மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நான் பயிற்சியாளர் என்று சொல், என்றார் என்னிடம்.

சொன்னேன்.

"கோச்சுன்னா விளையாடக் கூடாதுன்னு யாரு சொன்னது?" என்றார் மெகர் டீச்சர். மூச்சு வாங்கியது அவருக்கு. "ஓட வேணாம், குதிக்க வேணாம். வந்து நில்லுங்க. பந்தை நாங்க கொண்டாந்து தாரோம்."

அவுஸ்தா குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கினார்.

அவர் அற்புதம் ஒன்றும் செய்துவிடவில்லை. எறிந்த பந்து மூன்று தடவையும் வளையத்தில் பட்டு வெளியே போனது. ஓடத் தெரியாதவர் மாதிரி விந்தி விந்தி நடந்தார். ஆனால் அவர் கையிலிருந்து பந்து போன விதத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார், பந்து ஜெயந்தியின் கையில் இருக்கும். ஜெயந்திக்கே திகைப்பாக இருந்தது, இரண்டாம் முறை கூடையில் போட்டார். ஒரு தடவை நடுவர் அவுஸ்தாவுக்கு எதிராக பவுல் ஊதினார். அவர் நடுவரின் மூக்குக்கு நேரே போய் ஐஸ்லாந்து மொழியில் பொரிந்து தள்ளினார். நடுவர் என்னைப் பார்த்தார். உங்கள் தீர்ப்பை மேடம் மறுபடி யோசிக்கச் சொல்கிறார் என்றேன். உண்மையில் அவுஸ்தா சொன்னதில் நடுவரின் கண், நடுவரின் தாயார், ஒரு மீன் எல்லாம் வந்தன.

தோற்றோம், நன்றாகவே தோற்றோம். விசில் ஊதியதும் ஐந்து பெண்களும் அப்படியே சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். கல்லூரிப் பெண்கள் பன்னீர் சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள். அவுஸ்தா மெகர் டீச்சரின் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்ததும் களைப்புத்தான். ஆனால் விமான நிலையத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டு வந்த களைப்பு அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முழங்கால் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. ஜாபர் அண்ணன் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அறை முழுக்க மீன் வாடை. நான் ஜன்னலைத் திறக்கப் போனேன். திறக்காதே, எங்கள் ஆலை வாடை என்றார் அவுஸ்தா. மதியம், ஊரில் விடிந்திருக்கும் என்ற கணக்கில், காலை நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கிளப் தலைவருக்குப் போன் செய்தார்.

வேண்டாம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் நீண்ட பேச்சு. அவுஸ்தா காத்திருந்தார். பிறகு, விளையாட்டுக் கூடம் செவ்வாய்க்கிழமை மாலையில் யாருக்குக் கொடுத்திருக்கிறது என்று கேட்டார். வயதான ஆண்களின் கால்பந்துக்கு என்று பதில் வந்திருக்க வேண்டும்.

"அவர்களை வேறு நாளுக்கு மாற்று" என்றார். "எனக்கு அந்த நேரம் வேண்டும். இல்லை, பயிற்சி இல்லை. யாருக்கும் இல்லை. விளையாட."

யாரும் வரமாட்டார்கள் என்று தலைவர் சொன்னது எனக்கே கேட்டது.

"நான் வருவேன்" என்றார் அவுஸ்தா.

அன்று மாலை மெகர் டீச்சர் ரயில் நிலையத்துக்கு வந்து, எங்களைக் கோவை வண்டியில் ஏற்றிவிட்டார். இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கோவையில் அம்மா அவுஸ்தாவின் முழங்காலைப் பார்த்ததும் என் மேல் இருந்த கோபத்தை மறந்து, நொச்சி இலை தேடக் கிளம்பினார்.

ஊர் திரும்பிச் சில மாதங்கள் ஆகின்றன. இங்கே இருட்டு தொடங்கிவிட்டது. கிளப்புக்குத் தலைநகரத்திலிருந்து ஒரு இளம் பயிற்சியாளர் வந்துவிட்டார், அவருக்கு அவுஸ்தா எந்த யோசனையும் சொல்வதில்லை. முதல் செவ்வாய்க்கிழமை கூடத்துக்கு மூன்று பேர்தான் வந்தோம். அவுஸ்தா, நூலகத்தில் வேலை செய்யும் அம்மாள், அப்புறம் வரமாட்டேன் என்று எவ்வளவோ சொல்லியும் இழுத்து வரப்பட்ட நான். வாழ்நாளில் கூடைப்பந்தைத் தொட்டிராத எனக்கு, அது இவ்வளவு கனம் என்பதே தெரியாது. எப்படிப் பிடிப்பது, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவரைப் பார்த்தேன். என்ன செய்ய வேண்டும், சொல்லிக் கொடுங்கள் என்றேன்.

"எனக்குத் தெரியாது" என்றார் அவுஸ்தா. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் விந்தி விந்தி நகர ஆரம்பித்திருந்தார். "பந்தைக் கொடு."